விண்டோஸ் 10 சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 2016-ல் வாங்கிய டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. பதினைந்து வருடமாகப் பாமினி எழுத்துருவில் அடித்த பாடக்குறிப்பு, கட்டுரை எல்லாம் இதில்தான். பென்ஷன் கணக்கையும் இதில்தான் பார்க்கிறேன். சப்போர்ட் முடிந்துவிட்டது என்று திரையில் வருகிறது. கடையில் கேட்டால், "இது அவ்வளவுதான் சார், எக்ஸ்சேஞ்சில் போட்டுடுங்க, இல்லேன்னா எப்படியாவது 11 ஏத்தித் தர்றேன்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள் ஐயா. குறைந்தபட்சம் இந்த மாதம் வேண்டாம். உங்கள் சிஸ்டம் கெட்டுப்போகவில்லை, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் இலவச அப்டேட் நின்றது, அவ்வளவுதான். மறுநாளும் அது வழக்கம்போல ஆன் ஆகியிருக்கும், நாளையும் ஆகும்.

அப்புறம் என்ன பயம் என்று கேட்பீர்கள். விண்டோஸில் ஓட்டைகள் மாதாமாதம் கண்டுபிடிக்கப்படுகின்றன. 11-ல் ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டதும், எதை அடைத்தார்கள் என்று பிரித்துப் பார்த்து, அதே ஓட்டை 10-லும் இருக்கிறதா என்று தேடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதே, அந்த ஓட்டைக்கான மருந்து அதே வருடம் மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்புக்கு 2028 அக்டோபர் வரை புது வைரஸ் விவரங்கள் வரும் என்பது உண்மைதான், ஆனால் வாசலில் காவலாளி இருக்கிறார் என்பதற்காகப் பின்கதவின் உடைந்த தாழ்ப்பாளை அப்படியே விட முடியாது.

உங்களுக்கு உடனடியாக ஒரு வழி இருக்கிறது, அதைக் கடைக்காரர் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் நீட்டித்துத் தருகிறார்கள். இஎஸ்யு என்று பெயர். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் பதிவுசெய்யச் சொல்லி ஒரு இணைப்பு தெரியும். தெரியவில்லை என்றால் உங்களுடையது விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-தானா என்று பார்த்து, நிலுவையில் இருக்கும் அப்டேட்டை எல்லாம் முதலில் முடியுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். அதில் நுழைந்து கணினி அமைப்புகளை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. பேக்கப் வேண்டாம் என்றால் 30 டாலர், ஒரே தடவை. இதில் புது வசதி எதுவும் வராது, ஓட்டை மட்டும் அடைபடும். நமக்கு வேண்டியது அதுதானே!

"எப்படியாவது 11" என்ற பேச்சுக்கு வருகிறேன். 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆறாம் தலைமுறை அந்தப் பட்டியலிலேயே இல்லை. அந்தச் சோதனையை ஏமாற்றி 11-ஐ ஏற்ற முடியும், ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் தருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவு பாடு? அதோடு, ஏற்றித் தருபவர் கையில் இருக்கும் பென் டிரைவில் இருப்பது ஒரிஜினலா என்பது உங்களுக்குத் தெரியாது. பென்ஷன் கணக்கு பார்க்கிற கணினியில் அந்த விளையாட்டு கூடவே கூடாது.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை உங்கள் பாமினி ஃபைல்கள்தான். எல்லாக் கணினியிலும் ஒரேமாதிரி தெரிகிற பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோடு, பாமினி அதில் சேராது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பதினைந்து வருட உழைப்பும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதனால் ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்தால் போதாது. சி டிரைவில் விண்டோஸுக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும், அங்கிருந்து பாமினியையும் எடுத்து அதே பென் டிரைவில் போடுங்கள். முக்கியமான கட்டுரைகளை பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள், அதில் எழுத்துருவும் உள்ளேயே போய்விடும். பிறகு நேரம் கிடைக்கும்போது கன்வெர்ட்டர் வைத்து ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். உங்களைவிட அதைத் திருத்தத் தகுதியான ஆள் யார்?

கையில் கொஞ்சம் காசு இருந்தால் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் போடும் வேகமான எஸ்எஸ்டி ஒன்றும் ராம் ஒன்றும் வாங்குங்கள். போகும்போது பழைய ராமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள், ஏனென்றால் ஆறாம் தலைமுறை போர்டுகள் டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் வந்தன, மாற்றி வாங்கினால் பொருந்தாது. என் அத்தை தன் சிஸ்டத்தில் பட்டனை அழுத்திவிட்டுப் போய் அடுப்பில் பால் வைப்பார், பால் பொங்கி இறக்கின பிறகும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்டி மாற்றிய அன்று அவர் சமையலறைக்குள் நுழைவதற்குள் திரை வந்துவிட்டது. இதனால் 11-க்குத் தகுதி வந்துவிடாது, ஆனால் 2026 அக்டோபருக்குப் பிறகு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ள இதே பெட்டி தாராளமாகப் போதும். லினக்ஸ் வேண்டாம் என்றால் அதற்குள் பென்ஷன் கணக்கை வேறு கணினிக்கு மாற்றிவிட்டு, நெட் இணைப்பைக் கழற்றி, இதைத் தட்டச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது. செய்தி படிக்க, யூடியூப் பார்க்க மட்டும்தான். அப்படியே விடலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: விட வேண்டாம். 7-க்கு 2020 ஜனவரி 14-லேயே சப்போர்ட் முடிந்தது. குரோமும் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அதாவது அப்பா திறக்கிற பிரவுசருக்கும் 2023-க்குப் பிறகு புதுப் பதிப்பு இல்லை. அவர் செய்கிற இரண்டு வேலைக்கும் லினக்ஸில் ஒரு வகையான மின்ட் போதும், காசும் இல்லை. தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் லேப்டாப்பில் எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, அப்பாவுக்கு எழுத்து பெரிதாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, போட்டோக்களைக் காப்பி எடுத்த பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள்.