முகாமில் நாயைக் கூடாரத்துக்குள் விட்டுவிட்டுப் போகலாமா?

குடும்பத்தோடு முகாம் போகும்போது, பகலில் நாயைக் கூடாரத்திலோ காரிலோ அடைத்துவிட்டுச் சுற்றிவரலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். காரணம் வெப்பத்தாக்கு. உடலில் சேரும் சூட்டை வெளியேற்ற முடியாமல் உள்ளுறுப்புகள் பழுதாகும் நிலை அது.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான், அதுவும் கொஞ்சம். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதற்கு முக்கியமான வழி. வாயின் ஈரம் ஆவியாகும்போது சூடு இறங்கும். மூடிய கூடாரத்தில் அந்த மூச்சே காற்றை ஈரமாக்கிவிடும், அப்புறம் ஈரம் எளிதில் ஆவியாகாது. மழைநாளில் வீட்டுக்குள் போட்ட துணி காயாமல் கிடக்குமே, அதே கதைதான்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாக வடிந்து, ஈறு செக்கச்செவேலென்று ஆனால் காத்திருக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

கார் ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிவைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். வெயிலில் நிற்கும் கார், வெளியே 24 டிகிரியாக இருந்தாலும், 10 நிமிடத்தில் உள்ளே 34-ஐத் தொட்டுவிடும், அந்த இடுக்கு அதைத் தடுக்காது.