தொட்டி நீரின் சுழலைப் பூமி தீர்மானிக்கிறதா? அறிவியல் கண்காட்சிக்கு எதைக் காட்டலாம்?

கேள்வி: திருநெல்வேலிக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். வட அரைக்கோளத்தில் வடியும் நீர் இடஞ்சுழியாகவும், தென் அரைக்கோளத்தில் வலஞ்சுழியாகவும் சுழலும் என்பதைக் கண்காட்சியில் செய்து காட்ட என் மாணவர்கள் விரும்புகிறார்கள். பள்ளியின் கைகழுவும் தொட்டியில் செய்து பார்த்தால் சில முறை இடப்பக்கமாகவும் சில முறை வலப்பக்கமாகவும் சுழல்கிறது. ஒரு மாணவனின் மாமா கென்யாவிலிருந்து அனுப்பிய காணொளியில், பூமத்திய ரேகைக்கு வடக்கே சில அடி தள்ளி ஒரு திசையிலும், தெற்கே சில அடி தள்ளி எதிர்த்திசையிலும் நீர் சுழல்கிறது. எங்கள் செய்முறையில் என்ன பிழை?

பதில்: உங்கள் செய்முறையில் பிழை எதுவும் இல்லை. கைகழுவும் தொட்டியில் நீர் எந்தப் பக்கம் சுழலும் என்பதைப் பூமியின் சுழற்சி தீர்மானிப்பதில்லை. குழாய் எந்தப் பக்கம் திறந்தது, தொட்டியின் வடிவம் எப்படி, அடைப்பானை எந்தக் கை எப்படி இழுத்தது என்பவையே தீர்மானிக்கின்றன. ஆகவே இருவிதமாகவும் வந்ததுதான் சரியான முடிவு. ஆனால் பூமியின் பங்கு வெறும் கட்டுக்கதை என்றும் மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அது உண்மை, மிகக் கவனமாக அமைத்த ஆய்வுகளில் இரு அரைக்கோளங்களிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. அது ஏன் உங்கள் தொட்டியில் தென்படவில்லை என்பதைக் கணக்கோடு விளக்க முடிந்தால், உங்கள் மாணவர்களின் காட்சிக்கூடம் மற்றவற்றைவிடச் சிறப்பாக அமையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் திசையைப் பற்றிப் பார்ப்போம். வட துருவத்துக்கு மேலே நின்று பார்ப்பவருக்குப் பூமி இடஞ்சுழியாகவும், தென் துருவத்துக்கு மேலே நின்று பார்ப்பவருக்கு வலஞ்சுழியாகவும் சுழல்கிறது. சுழல்வது ஒரே பூமிதான். பார்க்கும் பக்கம்தான் மாறுகிறது. துருவத்தில் நம் காலடித் தரை ஏறக்குறைய 24 மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். துருவத்தை விட்டு விலக விலக இந்தச் சுழற்சி மெதுவாகி, பூமத்திய ரேகையில் முற்றிலும் இல்லாமல் போகிறது. ஓர் ஊரில் தரை ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் நேரத்தை அறிய, 24 மணி நேரத்தை அவ்வூர் அட்சரேகையின் சைன் மதிப்பால் வகுத்தால் போதும். பாரிசில் 1851-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ தொங்கவிட்ட ஊசல் இதைத்தான் காட்டியது. 2023-இல் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்திலும் ஒரு ஃபூக்கோ ஊசல் இருக்கிறது. தில்லியின் அட்சரேகைக்கு அதன் அலைவுத்தளம், அதாவது ஊசல் ஆடும் திசை, ஒரு முழுச் சுற்றுச் சுற்றச் சுமார் 50 மணி நேரம் ஆகும். திருநெல்வேலி வடக்கே 8.7 டிகிரியில் இருப்பதால், உங்கள் பள்ளியின் தரை ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 159 மணி நேரம், அதாவது ஆறரை நாளுக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

பூமி சுழல்வதால் உண்டாகும் கொரியாலிஸ் விளைவால் வட அரைக்கோளத்தில் நகரும் பொருள்கள் வலப்பக்கம் விலகும் என்று பாடநூலில் படித்த மாணவர், அப்படியானால் நீர் ஏன் இடஞ்சுழியாகச் சுழல வேண்டும் என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி அது. துளையை நோக்கி எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் நீர், ஒவ்வொன்றும் தன் பாதையிலிருந்து வலப்பக்கம் சற்று விலகுவதால், துளையைத் தனக்கு இடப்புறம் விட்டுவிட்டுக் கடந்து செல்லப் பார்க்கிறது. துளையைத் தனக்கு இடப்புறமாக வைத்துக்கொண்டு எல்லாப் பக்கத்து நீரும் செல்லும்போது மேலிருந்து பார்ப்பவருக்கு அது இடஞ்சுழியாகவே தெரியும். ஒரு தாளில் துளையை வரைந்து நான்கு பக்கமிருந்தும் அம்புக்குறிகள் இட்டுப் பார்த்தால் உடனே விளங்கிவிடும்.

இனி அளவுக்கு வருவோம். இந்தக் கேள்வியில் எல்லாமே அளவில்தான் அடங்கியிருக்கிறது. நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் துளையை நோக்கிச் செல்லும் நீரின் மீது திருநெல்வேலியில் கொரியாலிஸ் விளைவு தரும் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் 40 லட்சத்தில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கிறது. தொட்டியின் அடித்தளம் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்திருந்தாலே அதற்கு ஈடாகிவிடும். எந்தக் கொத்தனாரும் அந்தத் துல்லியத்தில் தொட்டி பதிக்க முடியாது.

நீரில் முன்பே தங்கியிருக்கும் அசைவு இதைவிடப் பெரிய தடை. இருபது சென்டிமீட்டர் ஆரமுள்ள தொட்டியில் நீர் ஓரமாக நொடிக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் மட்டும் ஊர்ந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது அசையாத நீராகவே தெரியும். ஆனால் அது சுமார் 21 நிமிடத்தில் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும், பூமி தரும் சுழற்சிக்கோ ஆறரை நாளுக்கு மேல் வேண்டும். ஏறக்குறைய 450 மடங்கு வேறுபாடு இது. துளையை நெருங்கும்போது சுழற்சி பெருகுகிறது என்பது உண்மைதான். கோண உந்தம் மாறாதிருப்பதால், மையத்திலிருந்து உள்ள தொலைவு பாதியானால் ஒரே நேரத்தில் சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. ஆனால் இந்தப் பெருக்கம் பூமி தந்த சுழற்சியையும் பழைய அசைவையும் ஒரே விகிதத்தில் பெருக்குகிறது. தொடக்கத்தில் எது பெரியதோ அதுவே இறுதியிலும் பெரியதாக இருக்கும்.

இதை உணர்ந்து முறையாகச் செய்து பார்த்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆஷர் ஷபீரோ. முடிவை 1962-இல் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது ஆறு அடி விட்டமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட, அடித்தளம் தட்டையான வட்டத் தொட்டி. நடுவில் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விட்டமுள்ள சிறு துளை. துளையிலிருந்து நீண்ட குழாய் ஒன்று வெளியே சென்றது. அடைப்பான் அதன் மறுமுனையில் இருந்ததால், திறக்கும்போது தொட்டி நீரைக் கை தீண்டவே இல்லை. தண்ணீரை வேண்டுமென்றே வலஞ்சுழியாகச் சுழலும்படி நிரப்பினார். அதாவது, எஞ்சியிருக்கும் பழைய அசைவு பூமியின் சுழற்சிக்கு எதிராகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். பிறகு காற்று படாமல் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, வெப்பநிலை மாறாத அறையில் 24 மணி நேரம் வைத்திருந்தார். அப்படிக் காத்திருக்காமல் ஓரிரு மணி நேரத்திலேயே திறந்தபோது, நிரப்பிய திசையிலேயே, வலஞ்சுழியாக நீர் வடிந்தது. ஒரு நாள் முழுவதும் காத்திருந்து திறந்தபோது, வடிய ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனதில் முதல் பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேலாக, சுழற்சியைக் காண நீரில் விட்ட சிறு மிதவையில் எந்தச் சுழற்சியும் தென்படவில்லை; அதன் பிறகு அது மெல்ல இடஞ்சுழியாகத் திரும்பத் தொடங்கி, முடிவில் மூன்று நான்கு நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தை எட்டியது.

அந்த வேகத்தை மாணவர்களே கரும்பலகையில் சரிபார்க்கலாம். ஷபீரோவின் ஊர் இருக்கும் 42 டிகிரி அட்சரேகையில் தரை ஒரு சுற்றுச் சுற்ற 36 மணி நேரம், அதாவது 1,29,600 நொடி. தொட்டியின் ஆரம் 90 சென்டிமீட்டர், துளையின் ஆரம் அரை சென்டிமீட்டர். விகிதம் 180, அதன் வர்க்கம் 32,400. முன்னதைப் பின்னதால் வகுத்தால் நான்கு நொடி. கணக்கும் காட்சியும் இவ்வளவு அழகாகப் பொருந்துவதைப் பத்தாம் வகுப்பு மாணவர் தம் கையாலேயே கண்டறிய முடியும் என்பதற்காகவே இந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன். இதே போன்ற ஆய்வை ட்ரெஃபெதனும் அவருடைய குழுவினரும் சிட்னி பல்கலைக்கழகத்தில் செய்து 1965-இல் வெளியிட்டபோது, அங்கே நீர் வலஞ்சுழியாகச் சுழன்றது.

இதே கணக்கைப் பள்ளி வாளிக்குப் போட்டுப் பாருங்கள். ஆரம் 12 சென்டிமீட்டர், துளையின் ஆரம் அரை சென்டிமீட்டர் என்றால் பெருக்கம் 576 மடங்குதான். எந்தப் பழைய அசைவும் இல்லாத, நடைமுறையில் கிடைக்காத நீரிலும்கூட, துளையருகே ஒரு சுற்றுக்குப் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஆகும். வாளி அதற்கு முன்பே காலியாகிவிடும். கழிப்பறைப் பீங்கானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: விளிம்பிலுள்ள துளைகள் எந்தச் சாய்வில் நீரைப் பீச்சுகின்றனவோ அந்தப் பக்கமே சுழலும்.

கென்யாவின் நான்யுகி போன்ற பூமத்திய ரேகை ஊர்களில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படுவது கைத்திறன்தான். ரேகையிலிருந்து இருபது மீட்டர் தள்ளி நின்றால் அந்த இடத்துத் தரை ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 870 ஆண்டுகள் ஆகும். ஓரிரு நிமிடச் செய்முறையில் அதற்கு எந்த வேலையும் இல்லை. அந்தக் காணொளியை மறுபடி பார்க்கும்போது நீரை விட்டுவிட்டுச் செய்து காட்டுபவரின் கையையும் உடலையும் கவனியுங்கள். நீரைப் பாத்திரத்தின் எந்த ஓரமாக ஊற்றுகிறார், நீர் நிறைந்த பாத்திரத்தோடு கூட்டத்தை நோக்கி இடப்பக்கம் திரும்புகிறாரா வலப்பக்கம் திரும்புகிறாரா என்று பாருங்கள். அந்தச் சிறு திருப்பமே சுழலின் திசையை முடிவு செய்யப் போதும்.

அப்படியானால் கண்காட்சியில் என்ன செய்யலாம்? மூன்று செய்முறைகளைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, வாளியின் இடப்புறச் சுவரை ஒட்டி ஒரு முறையும் வலப்புறச் சுவரை ஒட்டி ஒரு முறையும் நீர் பாய்ச்சி, உடனே துளையைத் திறந்து காட்டுவது. நிரப்பிய விதமே திசையைத் தருகிறது என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இரண்டாவது, பழைய அசைவைக் கண்ணுக்குக் காட்டுவது. நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் விட்டுவிடுங்கள். பிறகு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஒரே ஒரு சிறு படிகத்தை மெதுவாகப் போடுங்கள். அது இறங்கிய வழியில் ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய இழை நிற்கும். முதலில் நேராக நிற்கும் அந்த இழை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் வளைந்து, மேல்பகுதி ஒரு பக்கமும் கீழ்ப்பகுதி இன்னொரு பக்கமும் நகர்ந்து, இறுதியில் சுருண்டு போவதைக் காணலாம். நீரின் மேற்பரப்பு ஆவியாகிக் குளிர்வதும், சன்னல் வெயில் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்குவதும், மின்விசிறிக் காற்றும் இந்த ஓட்டங்களை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. ஷபீரோ ஏன் விரிப்பால் மூடினார் என்பது இதைப் பார்த்தவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பூமி மிக மெதுவாகச் சுழல்வதுதான் சிக்கல் என்றால், நாமே வேகமாகச் சுழலும் ஒரு தரையை அமைத்துக்கொள்ளலாம். சுழலும் முக்காலி ஒன்றின் மேல் அகன்ற பேசினை வைத்து, அதற்குள் இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, நடுவில் துளையிட்டு அடைத்த வாளியை அவற்றின் மேல் நிறுத்துங்கள். பத்து நொடிக்கு ஒரு சுற்று என்ற அளவில் மாணவர்கள் சீராகத் தள்ளிக்கொண்டே இருக்கட்டும். நீரின் மேல் கொஞ்சம் உமியைத் தூவினால், தொடக்கத்தில் உமி பின்தங்குவதும், சில நிமிடங்களில் வாளியோடு சேர்ந்து சுழல்வதும் தெரியும். உமி வாளியின் சுவரோடு ஒப்பிட நகராமல் நின்ற பிறகே அடைப்பானைத் திறக்க வேண்டும். முக்காலியோடு சேர்ந்து சுழலும்படி ஒரு குச்சியில் கைபேசியைக் கட்டி மேலிருந்து படம்பிடித்தால், அந்தப் படத்தில் வாளி அசையாமலும் நீர் மட்டும் சுழன்று வடிவதாகவும் தெரியும்; பூமியோடு சேர்ந்து சுழலும் நாம் தொட்டியைப் பார்ப்பது அப்படித்தான். முக்காலியை இடஞ்சுழியாகச் சுற்றினால் நீர் இடஞ்சுழி, வலஞ்சுழியாகச் சுற்றினால் நீர் வலஞ்சுழி. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி, முன்னது வட அரைக்கோளம், பின்னது தென் அரைக்கோளம் என்று எழுதி வையுங்கள். இது பூமியின் விளைவு அல்ல, அதன் மாதிரி என்பதையும் பலகையில் தெளிவாக எழுத வேண்டும்.

பூமியின் விளைவையே காட்ட வேண்டுமானால் புயலின் செயற்கைக்கோள் படத்தை வையுங்கள். பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பல நாள்கள் காற்று உள்நோக்கிப் பாய்வதால், தொட்டியில் தோற்றுப்போகும் அதே விளைவு அங்கே வென்றுவிடுகிறது. வங்கக் கடலின் புயல்கள் எல்லாம் இடஞ்சுழியாகவும், மொரீசியசையும் மடகாஸ்கரையும் தாக்குபவை வலஞ்சுழியாகவும் சுழல்கின்றன. நம் கிழக்குக் கரையைப் புயல் கடக்கும்போது, கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கும், தெற்கே கரையிலிருந்து கடலுக்கும் வீசுவது இதனால்தான். பூமத்திய ரேகையை ஒட்டிய சுமார் ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே ஒன்றரை டிகிரியில் உருவான வாமெய் அப்படியொரு விதிவிலக்கு.

உங்கள் ஊரிலேயே ஷபீரோவின் ஆய்வைச் செய்து பார்க்க மேல்வகுப்பு மாணவர் யாரேனும் முன்வந்தால் தடுக்காதீர்கள். ஆனால் அங்கு இருந்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான விளைவே இங்கு கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் அளவுள்ள தொட்டியில்கூட விளிம்பு நீரின் எஞ்சிய அசைவு நூறு நொடிக்கு ஒரு மில்லிமீட்டரைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு மூடிய அறையும் குறைந்தது ஒரு முழு நாள் காத்திருப்பும் வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் முடிவில் ஏறக்குறைய பதினெட்டு நொடிக்கு ஒரு சுற்று எதிர்பார்க்கலாம். ஒரு முறை இடஞ்சுழியாக வந்துவிட்டால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடப்பக்கமாக நிரப்பியும் வலப்பக்கமாக நிரப்பியும் மாறி மாறிப் பல முறை செய்து, எப்படி நிரப்பினாலும் இடஞ்சுழியாகவே வந்தால் மட்டும் குறிப்பேட்டில் பூமியின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.