5 நிமிடம் எங்கே போனது? உங்கள் கையில் இருப்பது முழுப் படம்தானா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் என் மகள், ஸ்டான்லி குப்ரிக்கின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' டிவிடி வாங்கி வந்தாள். இணையத்தில் பார்த்தால் 136 நிமிடப் படம் என்கிறார்கள். என்னுடையது 131 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மீதி 5 நிமிடத்தை சென்சார் வெட்டிவிட்டதா? பொதுவாகவே, சர்ச்சைக்குள்ளான ஒரு வெளிநாட்டுப் படத்தின் முழு வடிவத்தைத்தான் பார்க்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கவலைப்படாதீர்கள். உங்கள் டிவிடியில் ஒரு காட்சிகூடக் குறையவில்லை. படம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

திரையரங்கில் படம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். ஐரோப்பாவில் (இந்தியாவிலும்தான்) தொலைக்காட்சிக்குப் பின்பற்றிய பிஏஎல் முறையில் நொடிக்கு 25 பிரேம். அதனால் அங்கே டிவிடி போடும்போது பெரும்பாலும் 24 பிரேமை 25 ஆக்கி ஓட்டிவிடுவார்கள். மொத்தப் படமும் சுமார் 4 சதவீதம் சுருங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 131-ஐ 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் 136 சொச்சம் வரும். காணாமல் போன உங்கள் 5 நிமிடம் அங்கேதான் இருக்கிறது. ப்ளூரேயில் பொதுவாக 24 பிரேமிலேயே பதிவதால் இந்தக் குழப்பம் வராது. இரண்டும் கிடைத்தால் ஒரே காட்சியை மாற்றி மாற்றிக் கேளுங்கள். டிவிடியில் குரலும் இசையும் அரைச் சுருதிக்குச் சற்றுக் குறைவாக ஏறி ஒலிக்கும்.

சரி, அந்தப் படத்தில் யாருமே கை வைக்கவில்லையா என்றால், வைத்தார்கள். அமெரிக்காவில் முதலில், வயது வந்தோருக்கு மட்டுமான எக்ஸ் சான்றிதழோடு வந்தது. பிறகு அதைவிடத் தளர்வான ஆர் சான்றிதழ் (பெரியவர் துணையோடு சிறுவர்களும் பார்க்கலாம்) பெறுவதற்காக, இரண்டு காட்சிகளில் சுமார் 30 நொடி அளவுக்கு வேறு ஷாட்டுகளை குப்ரிக்கே மாற்றி வைத்துக் கொடுத்தார். எடுத்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டதால் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆக, 5 நிமிடம் குறைவான உங்கள் பிரதி முழுசு. நிமிடக் கணக்குச் சரியாக இருக்கும் பழைய அமெரிக்க வீடியோ கேசட் ஒன்று அந்த மாற்றிய வடிவமாக இருக்கலாம். இப்போது விற்கும் டிவிடிகளில் இருப்பது முதல் வடிவம்தான்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே தணிக்கை வாரியம் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தது. ஆனால் பத்திரிகைகளில் எழுந்த எதிர்ப்பையும் குடும்பத்துக்கு வந்த மிரட்டல்களையும் அடுத்து, குப்ரிக்கே கேட்டுக்கொண்டு படத்தைத் திரும்பப் பெறவைத்தார். 1970-களின் நடுப்பகுதியிலிருந்து, அவர் 1999-இல் இறக்கும்வரை, அந்த நாட்டில் முறையாகத் திரையிட வழியில்லை. அனுமதி இல்லாமல் திரையிட்ட லண்டனின் ஸ்காலா திரையரங்கம் வழக்கில் மாட்டியது, 1993-இல் மூடப்பட்டது. 2000-இல்தான் படம் மறுபடி வெளியானது. உங்கள் மகள் அதைக் கடையில் சாதாரணமாக வாங்கி வந்திருக்கிறாள். கால் நூற்றாண்டு காலம் அது அங்கே முடியாத காரியம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இதற்கு என் முதல் யோசனை: நிமிடத்தை மட்டும் நம்பாதீர்கள், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எங்கள் திரைப்படச் சங்கத்துக்குப் பிரதி தேர்ந்தெடுக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். ஒருமுறை, 'முழுமையான பதிப்பு' என்று அட்டையில் போட்டிருந்த ஜப்பானியப் படம் ஒன்றை நம்பி வாங்கித் திரையிட்டோம். ஒரு காட்சியில் பின்னணியில் மழை பெய்துகொண்டே இருந்தது. நடுவில் சட்டென்று மழைச் சத்தம் ஒரு துள்ளு துள்ளியது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை, அடுத்த ஷாட் இயல்பாகத்தான் வந்தது. வேறு பிரதி தேடிப் பிடித்து ஒப்பிட்டபோது, அந்த இடத்தில் ஒரு ஷாட்டே இல்லை என்று தெரிந்தது. வெட்டுகிறவருக்குப் படத்தை ஒட்டவைப்பது எளிது. தொடர்ந்து ஓடும் மழை, கடிகார டிக் டிக், பின்னணிப் பாட்டு இவற்றை ஒட்டவைப்பதுதான் சிரமம்.

ஒலியை வைத்தே ஒரு படத்தின் அர்த்தத்தைத் தலைகீழாக்கிய கதை 1933-இல் வந்த ஹாலிவுட் படம் 'பேபி ஃபேஸ்'. கதாநாயகி பார்பரா ஸ்டான்விக். அப்பாவின் சாராயக் கடையில் சீரழியும் பெண்ணிடம், செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவர் ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயின் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசுவார்: ஆண்களைப் பயன்படுத்திக்கொள், உனக்கு வேண்டியதை அடை என்று. நியூயார்க் மாநிலத் தணிக்கை வாரியம் படத்தை நிராகரித்தது. ஸ்டுடியோ என்ன செய்தது தெரியுமா? அந்தக் கிழவரைத் தோளுக்குப் பின்னாலிருந்து காட்டும் ஷாட்டில், வாய் தெரியாத இடமாகப் பார்த்து, புது வசனத்தை டப் செய்து ஏற்றியது. நல்ல வழி, கெட்ட வழி என்று இரண்டு உண்டு, கெட்ட வழிக்குக் கொடுக்கும் விலை அதிகம் என்று அதே கிழவர் உபதேசம் செய்ய ஆரம்பித்துவிட்டார். முடிவிலும் ஒரு திருத்தக் காட்சி. 70 வருடம் உலகம் பார்த்தது இந்தப் படத்தைத்தான். 2004-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேமிப்பில் வெட்டுப்படாத நெகடிவ் அகப்பட்டது. சுமார் 5 நிமிடம் நீளம் அதிகம். அந்த 5 நிமிடத்தைவிட, கிழவரின் பழைய வார்த்தைகள் திரும்பக் கிடைத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். படம் பார்க்கும்போது முக்கியமான வசனம் வருகிற நேரத்தில் பேசுபவரின் முகம் காட்டாமல் முதுகைக் காட்டினால், அந்த வரியை இரண்டாவது முறை கேளுங்கள். எல்லா முதுகும் சென்சார் முதுகு அல்ல. ஆனால் குரலின் எதிரொலியும் தூரமும் திடீரென மாறினால் சந்தேகப்படலாம்.

ஒலியைத் தொடாமல் படத்தை மறைப்பதும் உண்டு. குப்ரிக்கின் கடைசிப் படமான 'ஐஸ் வைட் ஷட்' 1999-இல் அமெரிக்காவில் வெளியானபோது, ஆர் சான்றிதழுக்காக ஒரு காட்சியில் கணினியில் உருவாக்கிய ஆட்களைக் குறுக்கே நிற்கவைத்தார்கள். ஐரோப்பாவில் அப்படியில்லை. ஓடும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். கூட்டத்தில் யாராவது அசையாமல் உங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டே இருந்தால், அவர் எதையோ மறைக்கத்தான் நிற்கிறார்.

ஓடிடிக்கு வருவோம். 2022 ஜனவரியில் சீனாவின் டென்சென்ட் தளத்தில் 'ஃபைட் கிளப்' படத்தின் முடிவே போய்விட்டது. கட்டடங்கள் இடிந்து விழும் காட்சிக்குப் பதில், காவல்துறை திட்டத்தைக் கண்டுபிடித்துக் குற்றவாளிகளைப் பிடித்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது. கண்டனம் கிளம்பியதும் அடுத்த மாதமே பெரும்பகுதியைத் திரும்பச் சேர்த்தார்கள். ஓடிடியில் இதுதான் தொல்லை. டிவிடியை வாங்கி அலமாரியில் வைத்தால் அது மாறாது. தளத்தில் நேற்றுப் பார்த்த படம் இன்றும் அப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பிடித்த படத்தை டிஸ்க்காக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இந்தியாவில் ஓடிடிக்கு நம் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனாலும் திரையரங்குக்கு வெட்டிய பிரதியே சில நேரம் தளத்திலும் வந்துவிடும். படம் தொடங்கும்போது இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் பக்கம் வந்தால் அது திரையரங்கப் பிரதி என்று முடிவுகட்டலாம். அந்தப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கீழ் மூலையில் சின்ன முக்கோணம் இருந்தால் வெட்டு நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஜேம்ஸ் பாண்டின் 'ஸ்பெக்டர்' 2015-இல் இங்கே வந்தபோது முத்தக் காட்சிகளைப் பாதியாகக் குறைத்தார்கள். 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' படத்தை வெட்ட இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர் சம்மதிக்காததால் அது நம் திரையரங்குக்கே வரவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. டிவியில் வருவது இதைவிட மோசம். ஏ சான்றிதழ் படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது. டிவிக்கென்று மறுபடி வெட்டி யு/ஏ வாங்கியபிறகுதான் போட முடியும். அதனால் சர்ச்சைக்குள்ளான படத்தை டிவியில் பார்த்துவிட்டு அதைப் பற்றி முடிவு எடுக்காதீர்கள்.

அட்டையில் 'அன்ரேட்டட்' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அமெரிக்காவில் அந்தப் பதிப்பை மதிப்பீட்டுக்கு அனுப்பவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். விற்பனைக்காக நாலு நொடி சேர்த்திருக்கலாம்.

மௌனப் படங்களுக்கு நிமிடக் கணக்கும் உதவாது, காதும் உதவாது. புரொஜெக்டரை எந்த வேகத்தில் ஓட்டினார்கள் என்பதைப் பொறுத்து நீளம் மாறும். அங்கே எழுத்து அட்டைகளைப் பாருங்கள். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' 1925-இல், ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கியின் வரிகளோடு தொடங்கியது. பிறகு அவர் ஸ்டாலின் ஆட்சிக்கு வேண்டாதவராகிவிட, அவரை எடுத்துவிட்டு லெனினை வைத்தார்கள். ஜெர்மனியில் வெட்டினார்கள், பிரிட்டனில் 1954 வரை தடை. 2005-இல் பெர்லினில் காட்டிய மீட்டமைப்பில்தான் ட்ராட்ஸ்கி திரும்பி வந்தார். வாங்கும்முன் முதல் அட்டை யாருடைய மேற்கோள் என்று விசாரியுங்கள்.

உங்கள் மகள் அடுத்த முறை லண்டனில் டிஸ்க் வாங்கும்முன், பிரிட்டிஷ் தணிக்கை வாரியத்தின் இணையதளத்தில் படத்தின் பெயரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பதிப்பு எத்தனை நிமிடம் எத்தனை நொடி, வெட்டு உண்டா என்று அங்கே போட்டிருப்பார்கள். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, டிவிடியா ப்ளூரேயா என்று பார்த்து, மேலே சொன்ன 25-24 கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.