முகலே ஆஸம் பாட்டுக் கச்சேரி: கேள்வி பதில்

கே: ஐயா, 'முகலே ஆஸம்' கலர் படமா, இல்லையா? வீட்டில் ஒரே சண்டை.

ப: அக்பரின் மகன் சலீமுக்கும் நாட்டியக்காரி அனார்கலிக்கும் நடந்த காதலைச் சொல்லும் இந்திப் படம். 1960-இல் வந்தபோது பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. 'ப்யார் கியா தோ டர்னா க்யா' பாட்டும் கடைசிக் காட்சிகளும் மட்டும் கலர். முழுக்கக் கலரில் மறுபடி எடுக்க இயக்குநர் கே.ஆசிப்புக்கு ஆசை, பணம் போட்டவர்களுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. முழுப் படத்துக்கும் சாயம் ஏற்றி வெளியிட்டது 2004-இல். எனக்கு அது ஒட்டவில்லை. திடீரென்று அந்தப் பாட்டின் கண்ணாடி மாளிகை வண்ணத்தில் விரியும் அதிர்ச்சியே போய்விடுகிறதே!

கே: அந்தப் பாட்டில் லதாவின் குரல் எதிரொலிக்கிறதே, எப்படி?

ப: ஸ்டூடியோ குளியலறையில் பாட வைத்து இசையமைப்பாளர் நௌஷாத் அந்த எதிரொலியைப் பிடித்தார் என்பார்கள்.

கே: அக்பர் தர்பாரில் கிருஷ்ணன் பாட்டா?

ப: அக்பரின் ராணி ஜோதாபாய் கொண்டாடும் ஜன்மாஷ்டமி அது. 'மோஹே பன்கட் பே', காரா ராகம். கதக் நடனம் அமைத்தவர் லச்சு மகராஜ். படத்தின் நடனங்களில் சிரமமான சுழற்சிகள் சில, அனார்கலியாக நடித்த மதுபாலாவின் முகமூடி போட்ட ஓர் ஆண் ஆடியவை. தெரிந்த பிறகும் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் முகமூடி செய்தவருக்கு ஒரு கும்பிடு.

கே: உங்களுக்குப் பிடித்த பாட்டு எது அண்ணே? 'ப்யார் கியா'தானே?

ப: இல்லை தம்பி. யாரும் முணுமுணுக்காத 'ப்ரேம் ஜோகன் பன் கே'. சினிமாவுக்குப் பாட மாட்டேன் என்றிருந்த இந்துஸ்தானி வித்வான் படே குலாம் அலி கான், ஆளை விட்டால் போதும் என்று பாட்டுக்கு 25,000 ரூபாய் கேட்டாராம். ஆசிப் சரி என்றுவிட்டார். லதா, ரஃபிக்கெல்லாம் அப்போது சில நூறுதான்! ராகம் சோஹினி. இரவு, தோட்டம், அக்பரின் அவைப் பாடகர் தான்சேன் பாடுகிறார். சலீம் ஒரு வெள்ளை இறகால் அனார்கலியின் முகத்தை வருடுகிறான். வசனமே இல்லை. தார ஸ்தாயியில் கான் சாகிப் ஒரு பிருகா உதிர்க்கும்போது சலீமாக நடித்த திலீப்குமார் கண்ணைக்கூட இமைப்பதில்லை, பாருங்கள்.

கே: தான்சேனாக வாயசைத்தவர் யார்?

ப: சுரேந்திரா. 1946-இல் இதே நௌஷாத் இசையில் 'அன்மோல் கடி'யில் நூர்ஜஹானோடு சொந்தக் குரலில் பாடிய கதாநாயகன். இங்கே இன்னொருவர் குரலுக்கு வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறார்.