ஏரி நிலவரத்தை வைத்து சென்னைக்குக் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வருமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரி முதல் தேதி வந்துவிட்டால் முக்கால்வாசி விடை கையில் இருக்கும். ஆனால் செய்தியில் வரும் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். "ஏரிகளில் 51 சதவீதம் இருப்பு" என்று படித்ததும் நிம்மதியாகிவிடும். அது எத்தனை நாளைக்கு வரும் என்பதுதான் கேள்வி.

சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்து ஏரிகளின் முழுக் கொள்ளளவு: பூண்டி 3231, சோழவரம் 1081, புழல் 3300, செம்பரம்பாக்கம் 3645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. மொத்தம் 11,757 மில்லியன் கனஅடி. ஒரு மில்லியன் கனஅடி என்பது 2.83 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 1000 மில்லியன் லிட்டர் கொடுக்க சுமார் 35 மில்லியன் கனஅடி வேண்டும்.

ஜனவரி 1 அன்று இருப்பு 6000 என்று வைத்துக்கொள்வோம். மதகுக்குக் கீழே சேற்றோடு தங்குவதற்கு 500 கழித்தால் 5500. தினசரித் தேவையான 1000 மில்லியன் லிட்டரில் கடல்நீர் சுத்திகரிப்பு 200, வீராணம் ஏரி 150 கொடுத்தால் ஏரிகளிலிருந்து எடுக்க வேண்டியது 650. அதாவது 23 மில்லியன் கனஅடி. இதோடு ஆவியாதலையும் சேர்க்க வேண்டும், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இந்த ஏரிகள் ஆழம் குறைந்தவை, பரப்பு அதிகம். 30 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் போனாலே 5 மில்லியன் கனஅடி காலி. ஆக நாளுக்கு 28. 5500-ஐ 28-ஆல் வகுத்தால் 196 நாள், ஜூலை நடுவில் முடிந்துவிடும். அடுத்த பருவமழை தொடங்கவே அக்டோபர் மூன்றாம் வாரம் ஆகிவிடும். பாதி நிரம்பிய ஏரிக்கே இந்தக் கதி.

இடையில் இருக்கும் 97 நாளுக்கு 2.7 டி.எம்.சி. வேண்டும் (ஒரு டி.எம்.சி. என்பது 1000 மில்லியன் கனஅடி). அதைத் தர வேண்டியது ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர். 1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்றாலும் அந்த எண்ணைக் கணக்கில் எழுதாதீர்கள். கண்டலேறு அணை இருப்பையும், அதற்கு மேலே சோமசிலா, ஸ்ரீசைலம் அணைகளின் நிலவரத்தையும் பாருங்கள். கண்டலேறிலிருந்து எல்லைக்கு 152 கிலோமீட்டர் கால்வாய். திறந்துவிட்ட அளவு வேறு, எல்லையில் உள்ள ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட்டில் அளக்கும் அளவு வேறு. இரண்டாவதுதான் நமக்கு. "பூண்டிக்கு வினாடிக்கு 300 கனஅடி வரத்து" என்ற செய்தி பெரிதாகத் தெரியும். வினாடிக்கு 100 கனஅடி ஒரு நாள் முழுக்க வந்தால் 8.64 மில்லியன் கனஅடி, அப்படியென்றால் 300-க்கு 26. மேலே போட்ட ஒரு நாள் செலவுக்கே போதாது.

வீராணத்துக்கு மேட்டூர் நிலவரத்தைப் பார்க்க வேண்டும். காவிரித் தண்ணீர் கீழணை வந்து வடவாறு வழியாகத்தான் ஏரிக்குள் போகிறது. மேட்டூர் கீழே கிடந்தால் அந்த 150-ஐ அடித்துவிட்டுக் கணக்கை மறுபடி போடுங்கள். கடல்நீர் நிலையங்களுக்கும் கட்டும்போது சொன்ன திறனை எழுதாமல் உண்மையில் வருவதை எழுதுங்கள்.

மழைக் கணக்கில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். மீனம்பாக்கத்தில் கொட்டிய மழை பூண்டிக்குப் போகாது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கம் பெய்ய வேண்டும். அங்கேயும் முதல் மழையைக் காய்ந்த நிலமும் மேலே உள்ள சிறு ஏரிகளும் குடித்துவிடும். இன்னொன்று, எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) என்றதும் பதறுவது. அது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக்குத்தான் பகை. வடகிழக்குக்கு அநேகமாகச் சாதகம். 2015 வெள்ளம் வந்தது எல் நினோ ஆண்டில்தான்.

2019-இல் ஏரிகள் வறண்டு, சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீர், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் என்று அலைந்ததற்கு விதை 2018 கடைசியில் பொய்த்த மழை. புத்தாண்டன்றே கணக்குப் போட்டிருந்தால் கோடை எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கும்.

ஏரி காய்ந்தால் எல்லோரும் ஆழ்துளைக் கிணறு (போர்) பக்கம் திரும்புவார்கள், அதனால் உங்கள் கிணற்றையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். மோட்டார் ஓடிய உடனே அளந்தால் மட்டம் பொய்யாக இறங்கித் தெரியும். கயிற்றில் எடை கட்டி இறக்கி, நனைந்த இடம் வரை டேப்பால் பாருங்கள். அன்றைக்கே டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டரையும் வைத்துப் பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் மட்டம் இறங்க இறங்க டி.டி.எஸ். ஏறினால் உப்புநீர் உள்ளே வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது போரை இன்னும் ஆழப்படுத்தினால் உப்புதான் சீக்கிரம் வரும். எடுப்பதைக் குறைத்து லாரிக்கு முன்கூட்டியே பதிவு செய்வதே வழி.