கரை யாருடையது? ஆற்றோரம் தங்குவது, உட்காருவது பற்றிச் சில கேள்விகள்

பென்னாகரம் பக்கம் இருபத்தெட்டு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் இல்லை. ஆற்றங்கரையில் படுத்திருந்தவர்களை எழுப்பி அனுப்பியிருக்கிறேன். அனுப்பியது சரிதானா என்று அப்புறம் சட்டப் புத்தகத்தைப் புரட்டியும் இருக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து: அண்ணா, நாங்கள் நாலு பேர். ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரிக் கரையில் ஒரு மணல்திட்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒரு ராத்திரி டென்ட் போட்டால் கேஸ் வருமா? ஆறு பொதுச் சொத்துதானே?

தம்பி, பொதுச் சொத்து என்றால் நம் எல்லாருக்கும் சொந்தம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டமோ ஆற்றுப் படுகை, ஓடை, ஏரி எல்லாம் அரசாங்கத்தின் சொத்து என்கிறது. ஆகவே எந்தக் கரையானாலும் முதலில் பார்க்க வேண்டியது அது எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்பதைத்தான். வருவாய்த்துறை புறம்போக்கா, நீர்வளத்துறையின் அணைப்பகுதியா, வனமா, பட்டாவா? ஒரே ஆறுதான், பத்து கிலோமீட்டர் நடந்தால் நாலு பேர் மாறுவார்கள்.

நீங்கள் சொல்லும் இடத்தில் வனத்துறைதான் பெரும்பாலும். 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் வந்தது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கு வந்தது, அது 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில்தான். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் வேலை நிமித்தம் வரும் அரசு ஊழியர், அங்கே குடியிருக்க அனுமதி உள்ளவர், உள்ளே நிலபுலன் உள்ளவர், பொதுச்சாலையில் கடந்து போகிறவர் என்று சிலரைத் தவிர மற்றவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையக் கூடாது. டென்ட் போடாதே என்று தனியாக ஒரு வரி சட்டத்தில் இருக்கிறதா என்று தேடாதீர்கள், உள்ளே கால் வைத்ததே மீறல்தான். அங்கே காட்டுக்கு ஆபத்தாகும்படி அடுப்பு மூட்டினால் 30ஆம் பிரிவும் சேரும். 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 3 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயமாக இல்லாத காப்புக்காடு என்றால் 1882ஆம் வருடத் தமிழ்நாடு வனச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இருக்கிறது, அதிலும் அத்துமீறி நுழைவது, தீ மூட்டுவது இரண்டும் குற்றம்.

சட்டத்தை விடுங்கள். அந்த மணல்திட்டில் காலையில் போய்க் கீழே பாருங்கள். யானைக் கால் தடம், நடுவில் வால் இழுத்த கோடோடு முதலை ஏறி இறங்கிய தடம், நீர்நாய் தின்று போட்ட மீன் செதில், எல்லாம் நீங்கள் பாய் விரிக்கப் பார்த்த அதே இடத்தில்தான் இருக்கும்.

காரிமங்கலத்திலிருந்து: சார், எங்கள் ஊர் ஆற்றோரம் 'இரவில் தங்கத் தடை, மீறினால் சட்டப்படி நடவடிக்கை' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டு வைத்தாலே சட்டம் ஆகிவிடுமா?

ஆகாது. இதை என் வாயால் சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அப்படி ஒரு போர்டை நானே வைத்திருக்கிறேன். ஒரு கோடையில் மடுவில் பையன் ஒருவன் முங்கிப் போனான், மறுநாளே பெயின்டரைக் கூட்டிப்போய்த் தகரத்தில் சிவப்பு எழுத்தில் எழுத வைத்தேன், கூலி என் கைக்காசு. ஒரு வாரம் கழித்துக் குளிக்க வந்த வக்கீல் ஒருவர், தலை துவட்டிக்கொண்டே, "எந்தச் சட்டப்படி சார்?" என்றார். மேலதிகாரி வாய்வார்த்தையாகச் சொன்னது மட்டும்தான் என்னிடம் இருந்தது. பதில் சொல்லாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போர்டுக்குப் பின்னால் ஓர் உத்தரவு இருக்க வேண்டும். வழக்கமாக அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. கலெக்டரோ ஆர்டிஓவோ நிர்வாக நடுவர் என்ற முறையில் எழுத்தில், காரணம் காட்டிப் போட வேண்டும். 2 மாதம்தான் செல்லும், அதற்கு மேல் வேண்டுமென்றால் மாநில அரசு நீட்டிக்க வேண்டும், அதுவும் 6 மாதம் வரைதான். இப்படிப்பட்ட தடை உத்தரவுகளை வெளியிட வேண்டும், காரணமில்லாமல் திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே துருப்பிடித்த போர்டைப் பார்த்தால் உத்தரவு எண், தேதி கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள்.

உத்தரவு உயிரோடு இருந்து, அது தெரிந்தும் மீறி, அதனால் இடைஞ்சலோ ஆபத்தோ ஆனால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு: 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.2,500 வரை அபராதம் அல்லது இரண்டும். மனித உயிருக்கு ஆபத்து என்றால் 1 வருடம், ரூ.5,000 வரை போகும். ஆனால் நீதிமன்றம் இதை விசாரணைக்கு எடுக்க, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்தில் புகார் தர வேண்டும்.

ஒன்று மட்டும். வனத்துறை போர்டில் இந்தக் கணக்கெல்லாம் போடாதீர்கள். அங்கே போர்டே இல்லாவிட்டாலும் சட்டம் இருக்கிறது.

தருமபுரியிலிருந்து ஓர் அக்கா: ஆடி 18க்கு ஒகேனக்கல் போனோம், குளிக்க விடவில்லை, பரிசலும் இல்லை. வருடா வருடம் வருகிற எங்களைத் தடுக்க அதிகாரம் உண்டா?

உண்டு அக்கா. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிட்ட தண்ணீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி வரும்போது அளவு எகிறும், கலெக்டர் தடை போடுவார். கண்ணுக்கு அமைதியாகத் தெரியும் துறை அரை நாளில் பாறையே தெரியாமல் போய்விடும். இந்த உத்தரவில் குறை கண்டுபிடிக்க எனக்கு மனசு வராது.

கிருஷ்ணகிரியிலிருந்து: எனக்கு நிச்சயம் ஆகிவிட்டது. கேஆர்பி அணைப் பக்கம் நானும் அந்தப் பெண்ணும் சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தோம். போலீஸ்காரர் ஒருவர் வந்து, 'சும்மா சுற்றுகிறீர்கள், சந்தேகக் கேஸ் போடுவேன்' என்றார். அப்படி ஒரு கேஸ் உண்டா?

சும்மா உட்கார்ந்திருப்பது நம் சட்டத்தில் குற்றம் இல்லை தம்பி. அவர் சொன்னது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 128. தன்னை மறைத்துக்கொண்டு நடமாடுகிறவர், குற்றம் செய்யப் போகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்கச் சொல்லும் பிரிவு அது. மணி ஐந்தரைக்குப் பொரி கடலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களை அதில் அடைக்க முடியாது. ஆனால் அணைப்பகுதிக்கு நேரக்கட்டுப்பாடு இருக்கும், மதகுப் பக்கம், தடுப்பு வேலிக்கு உள்ளே போகக் கூடாது. 'போங்கள்' என்றால் அந்த நேரத்தில் எழுந்து போய்விடுங்கள். போனைப் பிடுங்கினாலோ காசு கேட்டாலோ அது வேறு கதை, மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள்.

சும்மா திரிகிறவனைக் குற்றவாளியாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு வெள்ளைக்காரன் விட்டுப்போனது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான், சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அதை எடுத்தார்கள். நாடோடிக் கூட்டம் ஆற்றோரம் கூடாரம் போட்டால் ஊரில் இன்றைக்கும் முதல் போன் விஏஓவுக்குத்தான் வரும். எனக்கு வந்த போன்களில் பாதிக்கு மேல் அவர்கள் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள், சமைத்துக்கொண்டிருப்பார்கள்.

அஞ்செட்டியிலிருந்து: நாங்கள் தலைமுறையாக ஆற்றோரம் பட்டி போட்டு மாடு கட்டுகிறோம். சரணாலயம் என்று இப்போது விரட்டுகிறார்கள். டென்ட் போடுகிறவனும் நாங்களும் ஒன்றா?

ஒன்று இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் நிதானமாக எழுத நினைத்தேன். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்ப்பதற்கே தடை என்றது, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று குறைத்துக்கொண்டது. அந்த வருடக் கடைசியிலேயே உங்கள் காட்டின் பெரும்பகுதி சரணாலயம் ஆகிவிட்டது.

ஆனால் 2006ஆம் வருட வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை, பருவத்துக்குப் பருவம் மாடு ஓட்டிப் போகிறவர்களின் வழக்கத்தையும் சேர்த்து, உரிமை என்றே சொல்கிறது, சரணாலயத்துக்கும் அது பொருந்தும். பழங்குடி அல்லாதவர் என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன் 75 வருடம் அங்கே வாழ்ந்து காட்டை நம்பிப் பிழைத்ததைக் காட்ட வேண்டும். தனி ஆளாக ரேஞ்சரிடம் சண்டை போட்டு ஒன்றும் நடக்காது. கிராம சபையில் வன உரிமைக் குழு மூலமாகச் சமூக உரிமை கோரி மனு போடுங்கள், பெரியவர்கள் வாக்குமூலம், பழைய பட்டியின் தடயம், மாட்டுக்கு வரி கட்டிய ரசீது, எது கிடைத்தாலும் இணையுங்கள். ஆலம்பாடி மாடு அந்தக் காட்டை மேய்ந்து வளர்ந்த மாடு, அதுவே ஒரு சாட்சி, தாளில் ஏறாது என்பதுதான் பிரச்சினை.

ஊத்தங்கரையிலிருந்து: ஆற்றோரம் குடிசை போட்டிருக்கும் எங்கள் சித்தப்பாவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

நோட்டீஸ் இல்லாமல் காலி செய்ய முடியாது, நான் முதலில் சொன்ன 1905ஆம் வருடச் சட்டத்தின் 7ஆம் பிரிவு நோட்டீஸ் வந்தால் கெடு தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். பி-மெமோ, அதாவது ஆக்கிரமிப்புக்குப் போடும் அபராதம், கட்டிய ரசீது இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அது பட்டா ஆகாது, எத்தனை வருடமாக இருக்கிறார் என்று காட்டும், அவ்வளவுதான். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மாற்று இடம் கேட்டு மனு போடுங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது உங்கள் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, நிறுத்தியிருந்த வண்டிகளையே தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் நீங்கள்.

பாலக்கோட்டிலிருந்து: மகன் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் இருக்கிறான். அங்கே ஆற்றோரம் யார் வேண்டுமானாலும் தங்கலாமாமே?

அதே ஓரிகனில் கிரான்ட்ஸ் பாஸ் என்று ஓர் ஊர், ரோக் ஆற்றங்கரையில். வீடில்லாதவர்கள் பூங்காக்களில் படுத்ததற்கு ஊர் நிர்வாகம் அபராதம் போட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூன் 28 அன்று 6க்கு 3 என்ற கணக்கில், அப்படித் தண்டிப்பது அவர்கள் அரசியல் சட்டம் தடுக்கும் கொடுமையான தண்டனை ஆகாது என்று தீர்ப்பு. தங்கலாமா, எங்கே என்பது அங்கேயும் இடத்துக்கு இடம் மாறும். மகனை போர்டைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பல போர்டுகளில் விதி எண்ணையும் போட்டிருப்பார்கள், அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறாமைதான்.

மீண்டும் ஓசூர் தம்பி: அப்போ எங்கேதான் அண்ணா டென்ட் போடுவது?

பட்டா நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு. சர்வே எண் தெரிந்தால் அரசின் இணையதளத்தில் அ பதிவேட்டைப் பாருங்கள், புறம்போக்கா பட்டாவா என்று தெரிந்துவிடும். காட்டை ஒட்டிய நிலம் வேண்டாம், ராகி அறுப்பு சமயத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானை இறங்கும். என் மச்சினன் நிலக்கடலைக் காடு ஒன்று இருக்கிறது, அங்கிருந்து ஆற்றுக்கு அரை மைல், சத்தம் மட்டும் கேட்கும். மோட்டார் கொட்டகையில் லைட் உண்டு. நாய் குரைக்கும், கடிக்காது. வருவதற்கு முதல் நாள் சொல்லிவிட்டால் கேட்டைப் பூட்டாமல் வைப்பான்.