கான்கிரீட் நாளும் கான்ட்ராக்டரின் கோபமும்

கேள்வி: டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு ஒரு கட்டடக் கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். அவர் தொழில் தெரிந்தவர். சம்பளத்தையும் தேதி தவறாமல் கொடுத்துவிடுவார். ஆனால் சைட்டுக்குள் கால் வைத்ததும் கத்தத் தொடங்கிவிடுகிறார். சென்ற மாதம் தளம் போட்ட அன்று ரெடிமிக்ஸ் வண்டி வரத் தாமதமானதற்காக, கொத்தனார், சித்தாள் எல்லோர் முன்னிலையிலும் என் தாயை இழுத்துத் திட்டினார். அதன் பிறகு கம்பி கட்டுபவர்கள்கூட என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. திருப்பிக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. அவர் திட்டியது ஒன்று. அதனால் ஆட்கள் உங்களை மதிக்காமல் போனது மற்றொன்று. அவரிடம் பேசும்போது இரண்டாவதை முன்னால் வையுங்கள், ஏனெனில் அதில் அவருக்கும் நட்டம் இருக்கிறது.

கான்கிரீட் நாளில் யாருக்கும் நிதானம் இருப்பதில்லை என்பது உண்மைதான். பிளான்ட்டில் ஏற்றிய கலவையைப் பொதுவாக 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்று ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர விதி (ஐ.எஸ். 4926) சொல்கிறது, வண்டி வழியில் மாட்டிக்கொண்டால், பம்ப் வாடகை, ஆட்கூலி, மேகம் கறுத்துக்கொண்டு வரும் வானம் எல்லாம் சேர்ந்து முதலாளியின் தலையில்தான் ஏறும். குரல் உயர்ந்ததற்கு அது காரணமாகலாம். தாயை இழுத்ததற்கு எந்த வண்டியும் காரணமில்லை.

அந்த நேரத்தில் பதிலுக்குப் பதில் பேசாதீர்கள். அதற்காக வாயை மூடிக்கொண்டும் நிற்காதீர்கள். "அண்ணா, வண்டி பல்லடம் தாண்டிடுச்சு, அடுத்த வண்டி லோடு ஆகிட்டு இருக்கு" என்று வேலையின் நிலவரத்தைச் சொல்லுங்கள். பாதிச் சத்தம் விவரம் தெரியாத பதற்றத்தில் வருவது, விவரம் கிடைத்ததும் அடங்கிவிடும். மீண்டும் அம்மாவை இழுத்தால், "வேலையைப் பத்திப் பேசுங்கண்ணா, வீட்டாளுங்களை இழுக்காதீங்க" என்று சாதாரணக் குரலில் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, வைப்ரேட்டர் ஓடும் இடத்துக்குப் போய்விடுங்கள். ஆட்கள் அதைக் கவனிப்பார்கள்.

மற்றதைத் தனியாகப் பேச வேண்டும். சனிக்கிழமை மாலை கூலி பட்டுவாடா நடக்கும்போது வேண்டாம், போனிலும் வேண்டாம். சைட்டில் ஆள் சேர்வதற்கு முன், காலையில் அவர் டீ குடிக்கும் நேரம் நல்லது. "தப்பு இருந்தா தனியாக் கூப்பிட்டு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆளுங்க முன்னாடி திட்டினா நாளைக்கு நான் சொல்றதை யாரும் கேக்க மாட்டாங்க, கெடறது உங்க வேலைதான்" என்று சொல்லுங்கள்.

கெடுவது எப்படி என்று அவர் கேட்டால், கம்பியைப் பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்கைக் காட்டுங்கள். தளத்துக் கம்பிக்கு அடியில் சாதாரணச் சூழலில் குறைந்தது 20 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், வேண்டும். கலவை கொட்டும் அவசரத்தில் ஒரு பையன் கம்பி மேல் மிதித்துப் பிளாக் நழுவிவிட்டால், பயமில்லாத சைட்டில் அவனே கூப்பிட்டுச் சொல்வான், இரண்டு நிமிடத்தில் கம்பியைத் தூக்கிச் சரிசெய்துவிடலாம். வசவுக்குப் பயந்தவன் பார்க்காத மாதிரி நகர்ந்துவிடுவான். மேலே கான்கிரீட் விழுந்தபின் அதை யாரும் பார்க்க முடியாது. சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து, பூச்சு உதிர்ந்து, வீட்டுக்காரர் போன் செய்யும்போது பழி கான்ட்ராக்டரின் பெயருக்குத்தான் வரும். மரியாதையைப் பற்றிய பேச்சுக்கு மசியாத முதலாளிகள்கூட இந்தக் கணக்குக்கு மசிவதுண்டு.

உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. முதல் நாள் மாலையே பிளான்ட்டுக்குப் போன் செய்து வண்டி நேரத்தை உறுதிப்படுத்தி, அதை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுங்கள். வண்டிச் சீட்டில் இருக்கும் ஏற்றிய நேரத்தை சைட் டைரியில் குறியுங்கள். முக்கியமான உத்தரவுகளையும் அப்படியே எழுதி வையுங்கள். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டில் போட்ட தளத்துக்கு தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ இடையிலான தூரம் 4.5 மீட்டர் வரை இருந்தால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456 விதி. அடுத்த தளத்துக்குச் சாமான் வேண்டுமென்று அதற்கு முன்பே பிரிக்கச் சொல்லிக் கத்தினால், "மெசேஜ் போடுங்கண்ணா, இன்ஜினீயர்கிட்ட கேட்டுட்டுப் பிரிக்கிறேன்" என்பதிலிருந்து இறங்காதீர்கள். சத்தத்துக்குப் பயந்து முட்டு எடுக்கக் கூடாது.

போலீசுக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-வது பிரிவில் வருகிறது. ஆனால் திட்டிய சொல் எல்லாம் ஆபாசமாகிவிடாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) பிரிவு வழக்கொன்றில் 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அதை மட்டும் நம்பி ஸ்டேஷன் படியேற வேண்டாம். கை ஓங்கினாலோ, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவரைப் பலர் முன் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினாலோ நிலைமை வேறு. பின்னதற்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

பேசிப் பார்த்தும் அடுத்த தளங்களிலும் இதுவே தொடர்ந்தால் வேறு இடம் தேடுங்கள். அடுத்த வேலை உறுதியாகி, பாக்கிச் சம்பளமும் அனுபவச் சான்றும் கைக்கு வந்த பிறகு விலகுங்கள். அதுவரை ஒன்றில் கவனமாக இருங்கள். முதலாளி உங்கள் மேல் போடும் சத்தத்தை நீங்கள் கொத்தனார் மேல் இறக்க, அவர் சித்தாள் மேல் இறக்குவதுதான் சைட்டுகளின் வழக்கம். சாந்துச் சட்டியோடு ஏணி ஏறும் பெண்ணுக்கு அதை இறக்கிவைக்க ஆள் இல்லை.

கேள்வி: நான் மேஸ்திரி. சாரத்தில் நிற்பவனிடம் மெதுவாகப் பேசினால் கேட்குமா? சத்தம் போடாமல் வேலை வாங்க முடியுமா? – ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: பலகை நழுவுகிறது, தலைக்கு மேல் கம்பிக் கட்டு வருகிறது என்றால் தொண்டை கிழியக் கத்துங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாள் முழுக்கக் கத்துகிறவரின் எச்சரிக்கைதான் யார் காதிலும் ஏறாது. மிக்சர் ஓடும் இடத்தில் எந்தக் குரலும் எடுபடாது என்பதால், ஏற்று, இறக்கு, நிறுத்து என்பதற்குக் கைச் சாடைகளைக் காலையிலேயே பேசிவைத்து, லிஃப்டுக்குச் சாடை காட்ட ஒரே ஆளை நிறுத்துங்கள். வேலை சரியில்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் மேலே ஏறிப்போய், ரசமட்டத்தை வைத்துக் காட்டிச் சொல்லுங்கள்.